20% தள்ளுபடி போர்டுக்கு எதிர்ல சின்ன மெடிக்கல் எதை விளம்பரம் பண்ணணும்?

காரைக்குடி மெயின் ரோடுகள்ல பெரிய செயின் மெடிக்கல் ஒவ்வொண்ணா வர ஆரம்பிச்சதுல இருந்து புதுவயல், கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான்னு சுத்துப்பட்டு ஊர்ல கடை வச்சிருக்குற நம்ம ஆளுங்க பாக்குறப்பல்லாம் கேக்குறது ஒரே கேள்விதான், அண்ணே நாமளும் 20% போர்டு வச்சிருவோமா? வைக்காதீங்க. ஏன் வேணாம்ங்குறதையும், அதுக்குப் பதிலா எதுல காசு போடலாம்ங்குறதையும் கவுன்டர்ல நின்னு பாத்ததை வச்சு சொல்றேன். கடைக்காரங்க மட்டும் இல்லாம மருந்து வாங்குறவங்களும் இதைப் படிக்கணும், ஏன்னா எந்தக் கடையில வாங்குறதுன்னு முடிவு பண்றது நீங்கதான்.

முதல்ல கணக்கு. 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அரசாங்கமே விலை உச்சவரம்பு வச்சிருக்குற மருந்துக்கு சில்லறைக் கடைக்கு 16% மார்ஜின், அதுவும் நாம வாங்குற விலை மேல. 100 ரூபாய்க்கு வாங்கினா ஜிஎஸ்டியை விட்டுட்டுப் பாத்தா 116க்கு விக்கலாம். அந்த 116ல 20% தள்ளிக் கொடுத்தா கைக்கு வர்றது 92 ரூபாய் 80 காசு, அதாவது விக்கிற ஒவ்வொரு அட்டைக்கும் நம்ம பாக்கெட்ல இருந்து 7 ரூபாய் 20 காசு போகுது. உச்சவரம்பு இல்லாத மருந்துல வழக்கமா 20% கிட்ட கிடைக்கும், அதுல வாடகை, கரண்ட் பில், பையன் சம்பளம், எக்ஸ்பயரி ஆகி ரிட்டர்ன் எடுக்காம கெடந்த சரக்கு எல்லாம் போகணும். செயின்காரங்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகுதுன்னா அவங்க கம்பெனிகிட்ட நேரா மொத்தமா வாங்குறாங்க, சொந்தப் பேர்ல சரக்கு போடுறாங்க, வாங்குற விலைக்கும் எம்ஆர்பிக்கும் பெரிய இடைவெளி இருக்குற ஜெனரிக் (பெரிய பிராண்ட் பேரு இல்லாத அதே மருந்து) விக்கிறாங்க, டயப்பர் ஷாம்பு சத்துமாவுல சம்பாதிக்கிறாங்க. அது அவங்க வியாபார முறை, அதைத் தப்புன்னு நான் சொல்லல. ஆனா அவங்க பலமா நிக்கிற இடத்துலயே போய் நாம மோதினா ஒரு வருஷத்துல நமக்குச் சரக்கு தர்ற ஸ்டாக்கிஸ்ட்டுக்கு வச்ச பாக்கி கழுத்தை நெரிச்சிடும், அப்படி மூடின கடை இந்தப் பக்கத்துலயே உண்டு.

சட்டத்தையும் பாக்கணும். 2015ல வந்த பார்மசி பிராக்டிஸ் ரெகுலேஷன்ஸ்ல, விளம்பரம் போட்டு நோயாளிகளை இழுக்குறது பார்மசிஸ்ட்டுக்கு முறையில்லாத செயல்னு இருக்கு. அதனால நம்ம விளம்பரம் தகவலா இருக்கணும், தூண்டிலா இருக்கக் கூடாது. இதைவிட ஆபத்தானது ஒண்ணு, நம்ம கடைகள்ல ரொம்ப சாதாரணமா நடக்குது. மூலிகைப் பொடி, லேகியம் கம்பெனி ரெப் வந்து "சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு", "கிட்னி கல் கரைஞ்சு போகும்"னு போஸ்டர் அடிச்சு கீழ நம்ம கடைப் பேரையும் இலவசமா போட்டுத் தர்றான், நாமளும் ஓசின்னு ஷட்டர் பக்கத்துல ஒட்டிடுறோம். 1954ம் வருஷத்து மருந்து மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்துல சுகர், பிரஷர், கேன்சர், சிறுநீரகக் கல், பக்கவாதம்னு ஒரு பட்டியலே இருக்கு, அதுல உள்ள வியாதியைக் குணப்படுத்துறேன்னு விளம்பரம் பண்றதே குத்தம். சட்டத்தை விடுங்க, அந்தப் போஸ்டரைப் பாத்து ஒரு பெரியவர் இன்சுலினை நிறுத்திட்டாருன்னா அந்தப் பாவம் யாரைச் சேரும்? இன்னைக்கே கிழிச்சுப் போடுங்க.

சரி, அப்ப எதைத்தான் விளம்பரம் பண்றது? நம்ம ஊரு எப்படி இருக்குன்னு பாருங்க. முகப்பு, வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டுன்னு ஒரு வீதியில இருந்து அடுத்த வீதி வரைக்கும் நீண்டு கெடக்குற வீடு, உள்ள இருக்குறது ஒரு ஆச்சி, இல்லைன்னா வயசான ரெண்டு பேரு. பிள்ளைங்க சிங்கப்பூர்லயோ மலேசியாவுலயோ சென்னையிலயோ. அவுகளுக்கு 20% பெரிய பிரச்சனை இல்ல, பத்து அட்டையில எது எதுக்குன்னு தெரியாம இருக்குறதுதான் பிரச்சனை. ஒரு ஆச்சி மதுரையில காட்டின சீட்டு ஒண்ணு, காரைக்குடியில காட்டின சீட்டு ஒண்ணுன்னு ரெண்டையும் பையில வச்சுக்கிட்டு வந்தாக. ரெண்டுலயும் டெல்மிசார்ட்டன்ங்குற ஒரே பிரஷர் மருந்து, கம்பெனிப் பேரு மட்டும் வேற. "இது பிரஷருக்கு, இது நெஞ்சுக்குன்னு சொன்னாகளே தம்பி"ன்னு ரெண்டையும் போட்டுக்கிட்டு, எந்திரிச்சா தலை சுத்துதுன்னு தூணைப் புடிச்சுக்கிட்டே நடந்திருக்காக. டாக்டருக்கு போன் போட்டு சொன்னோம், அவரு ஒண்ணை நிறுத்தச் சொன்னாரு. அடுத்த வாரம் அவுக மகன் வெளிநாட்டுல இருந்து போன்ல பேசினாரு, கொஞ்ச நாள்ல அந்த வீதியில பாதி வீட்டு மாசச் சீட்டு நம்ம கடைக்கு வந்துடுச்சு. இதுக்கு ஒரு ரூபா விளம்பரச் செலவு இல்ல. இந்த வேலையைத்தான் ஊருக்குத் தெரியிற மாதிரி சொல்லணும்: "உங்க எல்லா மருந்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க, எது எதுக்குன்னு பாத்து எழுதித் தர்றோம், காசு வேணாம்." போர்டுல இந்த வரியை எழுதுங்க. மத்தியானம் 2 மணியில இருந்து 4 மணி வரைக்கும் கடை காத்தாடுற நேரம்தானே, அந்த நேரத்தையே போட்டுடுங்க. ஆனா ஒண்ணு, அந்த நேரத்துல பதிவு பெற்ற பார்மசிஸ்ட் கடையில இருக்கணும். சர்டிபிகேட்டை மட்டும் மாட்டிட்டு ஆள் வேற எங்கயோ இருக்குற கடைக்கு நான் சொல்ற எதுவும் பொருந்தாது.

விளம்பரத்துக்கு நம்ம கையில இருக்குற நல்ல இடம் மருந்து போட்டுக் கொடுக்குற பேப்பர் கவர். ஃப்ளெக்ஸை ரோட்ல போறவன் ஒரு செகண்ட் பாக்குறான், அதுக்கு அனுமதி வேற வாங்கணும், கவர் ஒரு மாசம் வீட்டுக்குள்ள சாமி ரூம் பக்கத்துலயே கெடக்குது. அதுல கடைப் பேரை மட்டும் பெருசா அடிச்சு வீணாக்காதீங்க. காலை, மதியம், இரவு மூணு கட்டம் போட்டு சூரியன், நிலா படம் வைங்க, சாப்பாட்டுக்கு முன்ன, பின்னன்னு தட்டுப் படம் வைங்க, எழுதப் படிக்கத் தெரியாத ரைஸ்மில் வேலைக்காரங்களுக்கும் புரியும். பின்பக்கம் மாசத்துக்கு ஒரு விஷயம் அடிங்க. உதாரணத்துக்கு தைராய்டு மாத்திரை. நம்ம பக்கம் காலையில எந்திரிச்சதும் காபி இல்லாம ஒண்ணும் நடக்காது, அந்தக் காபியோடயே தைராய்டு மாத்திரையையும் முழுங்குறாக, அப்படிப் போட்டா மருந்து சரியா உடம்புல சேராது. வெறும் வயித்துல தண்ணியில போட்டுட்டு அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் காபியைத் தள்ளிப் போடணும், கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைக்கு 4 மணி நேரம் இடைவெளி விடணும். இந்த மூணு வரியை ஒரு மருமக மாமியாருக்குப் படிச்சுக் காட்டினான்னா நம்ம கடைப் பேரு அந்த வீட்ல நிக்கும். மாத்திரையை வெட்டிக் கொடுக்குறப்ப பேட்ச் நம்பர், எக்ஸ்பயரி உள்ள பக்கம் போயிடாம வெட்டுங்க, முடியலைன்னா கவர்ல எழுதிக் கொடுங்க.

வாட்ஸ்அப்புல நிறைய பேரு பண்றதைப் பாத்தா பயமா இருக்கு. கஸ்டமர் எல்லாரையும் ஒரே குரூப்புல போட்டு "அக்கா உங்க சுகர் மாத்திரை வந்துடுச்சு"ன்னு மெசேஜ் போடுறாங்க, ஊருக்கே தெரிஞ்சு போச்சுல்ல, அவங்க யாருக்கும் சொல்லாம வச்சிருந்தா? குரூப் வேணாம், பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்க, ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்குத் தெரியாது. ஒரு லிஸ்ட்ல 256 பேரைச் சேக்கலாம், ஆனா அவங்க போன்ல நம்ம நம்பர் சேவ் ஆகியிருந்தாதான் மெசேஜ் போய்ச் சேரும், அதனால பில் போடுறப்பவே போனைக் கொடுங்க சேவ் பண்ணித் தர்றேன்னு கேட்டுப் பண்ணிடணும், வேணாம்னு சொல்றவங்களை விட்டுடணும். தினமும் குட் மார்னிங் அனுப்பாதீங்க, உடனே பிளாக் பண்ணிடுவாங்க. காலத்துக்கு ஏத்த மாதிரி ஒண்ணு போதும். ஐப்பசியில கந்த சஷ்டி விரதத்துக்கு முன்ன, கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரை போட்டுக்கிட்டு சாப்பிடாம இருந்தா சுகர் திடீர்னு இறங்கி மயக்கம் வரும், விரதம் இருக்குறதுக்கு முன்ன டாக்டர்கிட்ட அளவைக் கேட்டுக்கங்கன்னு போடலாம். சித்திரை வெயில்ல இன்சுலினை பிரிட்ஜ் கதவுலயோ ஃப்ரீசர்லயோ வைக்காதீங்கன்னு போடலாம். திறக்காத இன்சுலினுக்கு 2 டிகிரியில இருந்து 8 டிகிரி, உறைஞ்சு போனா தூக்கிப் போட வேண்டியதுதான்.

மாச மருந்து தீர மூணு நாள் முன்ன ஒரு போன் பண்றது தனி. செயின் ஆப்பும் ரிமைண்டர் அனுப்பும், ஆனா "பாப்பாத்தி ஆச்சி ஊர்ல இல்ல, பேத்தி கல்யாணத்துக்கு கோயமுத்தூர் போயிருக்காக, அங்க அனுப்பணுமா"ன்னு கேக்க அதுக்குத் தெரியாது.

கூகுள் மேப் விஷயத்தைப் பெரிய கடைங்க மட்டும் பண்ணணும்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம். இது காசில்லாம கிடைக்கிறது. சிங்கப்பூர்ல இருக்குற மகன் ராத்திரி அம்மாவுக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சா முதல்ல மேப்லதான் தேடுவாரு. கடைப் பேரு, சரியான இடம், போன் நம்பர், திறக்குற நேரம், ஷட்டரும் போர்டும் தெரியிற போட்டோ, இவ்வளவு போதும். நேரம் பொய்யா இருக்கக் கூடாது, 10 மணி வரைக்கும்னு போட்டுட்டு ஒன்பதரைக்குப் பூட்டினா ஒரு ஆளை வாழ்நாள் முழுக்க இழந்துட்டோம். ரிவ்யூ எழுதச் சொல்லிக் கேளுங்க, ஆனா காசு கொடுத்து எழுத வைக்காதீங்க, பதில் போடுறப்ப அவங்க வியாதியையோ வாங்கின மருந்தையோ எழுதவே கூடாது.

லோக்கல் கேபிள் ஸ்க்ரோலிங், ஆட்டோ மைக் எல்லாம் எனக்குப் பிடிக்கல, காசுக்கு ஏத்த பலன் இல்ல. தினசரி காலண்டர் நல்லது, வருஷம் பூரா சுவத்துல தொங்கும். அதைவிட மஞ்சப்பை நல்லது. 2019 ஜனவரியில பிளாஸ்டிக் பையைத் தடை பண்ணினதுக்கு அப்புறம் ஆளுங்க பை தேடுறாங்க, மாச மருந்து வாங்குறவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு மஞ்சப்பையில கடைப் பேரும் நம்பரும் அடிச்சுக் கொடுத்தா சந்தைக்கும் போகும், கல்யாண வீட்டுக்கும் போகும்.

விலை கேட்டு வர்றவங்ககிட்ட நேர்மையா இருங்க. ஜெனரிக்ல இதே மருந்து குறைஞ்ச விலைக்கு இருக்கு, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு எழுதி வாங்கிட்டு வாங்கன்னு நாமளே சொல்லலாம். சீட்டுல உள்ளதை நாமளா மாத்திக் கொடுக்க சட்டத்துல இடம் இல்லை. 2025 பிப்ரவரியில குறைஞ்ச விலைக்கு மருந்து விக்க தமிழ்நாடு அரசு முதல்வர் மருந்தகம் 1000 இடத்துல திறந்தாங்க, மத்திய அரசோட மக்கள் மருந்தகமும் இருக்கு, வசதி இல்லாதவங்களுக்கு அங்க போங்கன்னு வழி சொல்றதுல நமக்கு நட்டம் இல்ல, அவங்களே காய்ச்சல் சளின்னா நம்மகிட்டதான் வருவாங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து பெரும்பாலான மருந்துக்கு ஜிஎஸ்டி 12%ல இருந்து 5% ஆச்சு, அதைக் கரெக்டாக் கழிச்சுக் கொடுத்து பில்லுல காட்டின கடைகளுக்கு அதுவே விளம்பரம். பில் இல்லாம விக்கவே விக்காதீங்க.

பில் ஏன் முக்கியம்னா 2025 அக்டோபரை நெனச்சுப் பாருங்க. மத்தியப் பிரதேசத்துல பிள்ளைங்க இருமல் சிரப்பால கிட்னி போய் செத்தாங்க, அதுல டைஎத்திலீன் கிளைகால்ங்குற விஷ ரசாயனம் கலந்திருந்தது. அந்த சிரப் தயாரானது நம்ம தமிழ்நாட்டுலதான், இங்கயும் விக்கத் தடை போட்டாங்க. அந்த வாரம் ஒவ்வொரு மெடிக்கல்காரனும் தன்கிட்ட அந்தச் சரக்கு இருந்துச்சா, யாருக்குப் போச்சுன்னு பாக்கணும். பேரும் பேட்சும் பில்லுல இருந்தா அன்னைக்கே போன் பண்ணிடலாம். "தடை செஞ்ச மருந்து எங்க கடையில வாங்கியிருந்தா நாங்களே கூப்பிட்டுச் சொல்வோம்"னு ஒரு கடை போர்டு வச்சா, சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்காரங்க எந்தத் தள்ளுபடிக்கும் அங்கேருந்து நகர மாட்டாங்க. இன்னொரு போர்டும் வைக்கணும், சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் கிடையாதுன்னு. கொஞ்ச பேரு கோவிச்சுக்கிட்டுப் போவாங்க. போகட்டும், எச்1 ரிஜிஸ்டர் (சில ஆன்டிபயாடிக் மாதிரி மருந்தை யாருக்குக் கொடுத்தோம்னு எழுதி வைக்கிற பதிவேடு) ஒழுங்கா எழுதுற கடைன்னு டாக்டருங்க மத்தியில பேரு வரும், அவங்க அனுப்புற நோயாளி நெலைச்சு நிப்பாங்க.

கடைசியா தைப்பூசம். தை மாசம் நகரத்தார் காவடி குன்றக்குடியில இருந்து கிளம்பி சிங்கம்புணரி, நத்தம் வழியா பழனிக்கு நடக்குறப்ப ஆயிரக்கணக்கான கால் நம்ம ரோட்ல போகுது, அதுல சுகர்காரங்க எத்தனையோ பேரு, கால்ல கொப்புளம் வந்தாலே அவங்களுக்குத் தெரியாது. கெளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்ன கடையில கால் பாத்துக் கொடுக்குறோம்னு ஒரு சின்ன நோட்டீஸ் அடிங்க: வெறுங்கால்ல நடக்குற சுகர்காரங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போங்க, தினம் ராத்திரி அடிப்பாதத்தைக் கண்ணாடி வச்சுப் பாருங்க, கொப்புளத்தை ஊசியால குத்தாதீங்க, மாத்திரையும் சீட்டோட போட்டோவும் இடுப்புப் பையில இருக்கட்டும், வலி மாத்திரையை வெறும் வயித்துல அடுக்கிப் போடாதீங்க, கிட்னியும் பிரஷரும் கெடும். கீழ கடைப் பேரு, நம்பர், அவ்வளவுதான். மார்கழி கடைசியில பிரஸ்ல பொங்கல் வேலை குவிஞ்சு கெடக்கும், அதனால திருக்கார்த்திகை முடிஞ்ச கையோட மேட்டரைக் கொடுத்துடுங்க.