பயந்த கோளாறும் போன வாரம் பார்த்த படமும்

எங்கள் கடலூர்ப் பக்கம் "பயந்த கோளாறு" என்று ஒரு சொல் உண்டு. பிள்ளை ராத்திரியில் அலறினாலும், சோறு இறங்காவிட்டாலும், நன்றாக இருந்தவன் திடீரென்று படுக்கையை நனைத்தாலும் ஆயாக்கள் சொல்லும் முதல் காரணம் அதுதான். மந்திரித்து, திருநீறு பூசி, கயிறு கட்டி, அதற்கும் கேட்காவிட்டால்தான் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் கிளினிக்குக்கு வருவார்கள். பல சமயம் ஆயா சொன்னது சரியாகவே இருக்கும். எதைப் பார்த்துப் பயந்தான் என்பதில்தான் தகராறு. உச்சி வேளையில் புளியமரத்தடிக்குப் போனானா, நாய் துரத்தியதா என்றெல்லாம் வீட்டில் விசாரித்திருப்பார்கள். போன வாரம் என்ன படம் பார்த்தான் என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆறு வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மாவும் ஆயாவும் அழைத்து வந்தார்கள். (இங்கே சொல்கிற பிள்ளைகளின் விவரங்களை ஆள் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.) மூன்று வயதிலேயே படுக்கை நனைப்பதை நிறுத்தியவன், இரண்டு வாரமாக மறுபடியும் தினமும் நனைக்கிறான். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை இப்படித் திடீரென்று ஆரம்பித்தால், பயம்தான் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டக் கூடாது. சிறுநீரில் கிருமித் தொற்று இருக்கிறதா, அதில் சர்க்கரை கலந்து வருகிறதா, மலச்சிக்கல் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோய் சில சமயம் இப்படித்தான் முதலில் தலைகாட்டும். அவனுக்கு எல்லாம் சரியாக இருந்தது.

"உங்க வீட்டுல பாத்ரூம் எங்க இருக்கு தம்பி?" என்று கேட்டேன். வீட்டுக்குப் பின்னால், வெளியே என்றான். "ராத்திரியில யார் கூட்டிட்டுப் போவாங்க?" பதில் இல்லை. ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க கண்ணாடி இருக்கு" என்றான்.

அம்மாவின் போனில் ஒரு பேய்ப் படத்தின் துண்டுக் காட்சி வந்திருக்கிறது. ஒரு பெண் முகம் கழுவிவிட்டு நிமிர்கிறாள், கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் இன்னொரு முகம். அரை நிமிடம்கூட இருக்காது. அடுத்து யாரோ பரோட்டா வீசும் வீடியோ. அன்றிலிருந்து பையன் இருட்டிய பிறகு பாத்ரூம் பக்கமே போகவில்லை. அடக்கிக்கொண்டே தூங்கினால் படுக்கை நனையாமல் என்ன செய்யும்?

ஆறு வயதுப் பிள்ளைக்கு முழுப் பேய்ப் படத்தையும் போட்டுக் காட்டுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் முழுப் படத்தில் பேய்க்கு ஒரு கதை இருக்கும். நம்மூர்ப் பேய்கள் பெரும்பாலும் அநியாயமாகச் செத்தவர்கள். கடைசியில் பழி தீர்த்தோ, பூஜை நடந்தோ அடங்கிப் போவார்கள். பிள்ளைகளுக்கு அந்த அடங்குதல் வேண்டும். துண்டுக் காட்சியில் பேய் வந்தது. போனதைக் காட்டவே இல்லை. அவனைப் பொறுத்தவரை அது இன்னும் அந்தக் கண்ணாடியிலேயே நிற்கிறது.

மருந்து எதுவும் எழுதவில்லை. தாளும் கலர் பென்சிலும் கொடுத்து அந்த முகத்தை வரையச் சொன்னேன். "இது எதுக்கு அங்க வந்துச்சு?" என்று கேட்டதற்கு, நிறைய யோசித்து, "பசிக்குது" என்றான். சரி, அப்போ என்ன பண்ணலாம்? பக்கத்தில் இரண்டு இட்லி வரைந்தான், ஒரு வாளியில் சாம்பாரும். வீட்டில் பின்கட்டுக்கு ஒரு விளக்குப் போடச் சொன்னேன். தூங்கும் முன் அப்பா கூடப் போய்க் கதவருகே நிற்க வேண்டும், கேலி பேசக் கூடாது. மூன்றே வாரத்தில் நின்றுவிட்டது. எல்லாம் தான் கட்டிய கயிற்றால் என்பதில் ஆயாவுக்குத் துளியும் சந்தேகமில்லை. நானும் மறுத்துப் பேசவில்லை.

ராத்திரி அலறுவதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் குழப்பம் அதிகம். தூங்கி ஓரிரு மணி நேரத்துக்குள் எழுந்து உட்கார்ந்து, கண் திறந்திருந்தும் அம்மாவையே அடையாளம் தெரியாமல் அலறி, காலையில் கேட்டால் ஒன்றுமே நினைவில்லை என்கிற பிள்ளைகள் உண்டு. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி விழிக்கும்போது நடப்பது இது. காய்ச்சல், அலைச்சல், தூக்கக் குறைவு இதைக் கூட்டும். இரவுக் காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாதி ராத்திரியில் வீடு திரும்பியதும் கூட்டும், படத்தில் பூனைக்குட்டி மட்டுமே வந்திருந்தாலும்! உலுக்கி எழுப்பாதீர்கள். விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும், தானாகத் தூங்கிவிடும். கெட்ட கனவு வேறு. அது விடியற்காலைப் பக்கம் வரும், பிள்ளை முழித்துக்கொண்டு உங்களைத் தேடும், என்ன கனவு என்று சொல்லும். பார்த்த படம் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் திரும்பி வரும்.

"யு/ஏ படம்தானே டாக்டர்?" என்று கேட்கிற அப்பாக்கள் நிறைய. 1952-ம் வருட சினிமாட்டோகிராஃப் சட்டத்தில் 2023-ல் ஒரு திருத்தம் வந்தது. அதுவரை ஒரே மூட்டையாக இருந்த யு/ஏ-வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 'ஏ' படத்துக்கு 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை விடாமல் பார்த்துக்கொள்வது தியேட்டரின் பொறுப்பு. யு/ஏ எண்களோ பெற்றோருக்கான பரிந்துரை. பெற்றோரைத் தவிர வேறு யாரும் அதை அமல்படுத்த முடியாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. 16+ படத்துக்கு நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் டிக்கெட் கிழிப்பவர் தடுக்க மாட்டார். ஓடிடி தளங்களுக்கு 2021-ல் வந்த விதிகளும் இதே எண்களைத்தான் சொல்கின்றன, 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பூட்டும் வசதி இருக்க வேண்டும் என்கின்றன. பூட்டு இருக்கிறது. நான் விசாரித்த வரையில் பாதி வீடுகளில் டிவி அப்பாவின் கணக்கில்தான் திறக்கிறது, மீதி வீடுகளில் பின் நம்பர் பிள்ளைக்குத் தெரிகிறது.

எண்ணைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க முடியாது என்பதை நான் கற்றுக்கொண்டது என் வீட்டிலேயே. என் மகனுக்கு அப்போது ஐந்து வயது. பொங்கல் லீவில் குடும்பத்தோடு புதுச்சேரிக்குப் படம் பார்க்கப் போனோம், 'யு' சான்றிதழ் படம். சண்டைக் காட்சி வந்தபோதெல்லாம் கையால் அவன் கண்ணை மூடினேன், அவன் என் கையைத் தள்ளிவிட்டுக் கைதட்டினான். இரண்டாம் பாதியில் ஹீரோவின் அப்பா இரண்டு தடவை இருமுவார், சாய்வு நாற்காலியில் கண்ணை மூடுவார், அவ்வளவுதான். ரத்தமில்லை, சத்தமில்லை. நான் அந்நேரம் பாப்கார்ன் டப்பாவைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவன் அப்பா இருமும்போதெல்லாம் ஓடி வந்து முகத்தைப் பார்க்க ஆரம்பித்தான். ராத்திரியில் எழுந்து அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பான். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் காரணம் கண்டுபிடிக்கிற எனக்கு இது புரியப் பத்து நாளானது. நான் படத்தைப் பார்த்தேன், அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது தியேட்டரில் பக்கவாட்டில் திரும்பித் திரும்பித்தான் உட்கார்ந்திருக்கிறேன், பாதிக் கதை எனக்குப் புரிவதில்லை.

ஏழு வயது வரைக்கும் பிள்ளைகள் தோற்றத்தை நம்புகிறார்கள். நல்லவனாக இருந்தாலும் முகம் கோரமாக இருந்தால் பயம். "அதெல்லாம் சும்மா நடிப்புடா" என்ற சமாதானம் நாலு வயதில் எடுபடாது. மடியும் வெளிச்சமும் கையில் ஒரு முறுக்கும்தான் எடுபடும். எட்டு, ஒன்பது வயதில் நடிப்பு என்பது புரிந்துவிடும், பேய் சிரிப்பாகிவிடும். அப்போது நிஜத்தில் நடக்கக்கூடியது பயமுறுத்தும். பிள்ளை கடத்தல், திருடன், அம்மா அப்பா சாவது, வெள்ளம்.

வெள்ளத்தை எங்கள் ஊரில் தனியாகவே சொல்ல வேண்டும். 2004 சுனாமியைப் பார்த்தவர்களின் பிள்ளைகள் தேவனாம்பட்டினத்தில் வளர்கிறார்கள். 2011 தானே புயல் பாட்டி சொல்லும் கதையாக எல்லா வீட்டிலும் இருக்கிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை பொங்கி வீட்டுக்குள் வந்ததை இந்தப் பிள்ளைகளே பார்த்தார்கள். அதற்குச் சில மாதம் கழித்து ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி வயிற்று வலி என்று வந்தாள். மழை தூறினால் வலி, வெயில் அடித்தால் இல்லை. அலை வந்து ஊரை மூடும் ஒரு வெளிநாட்டுப் படத்தை டிவியில் பார்த்திருக்கிறாள். இவளிடம் போய் "இது பொய்" என்று எப்படிச் சொல்வது? பொய் இல்லையே. இந்த வயதில் உண்மையான தகவல்தான் உதவும். எச்சரிக்கை எப்படி வரும், எந்தப் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்குவோம், பையில் எதையெல்லாம் எடுத்துக்கொள்வோம் என்று அவளையும் அப்பாவையும் உட்கார்ந்து எழுதச் சொன்னேன். பையில் முதலில் கோழிக்குஞ்சு என்று எழுதினாள்.

பேயையும் வெள்ளத்தையும்விட எனக்கு அதிகக் கவலை 'யு' படங்களின் நகைச்சுவைக் காட்சிகள். குண்டாக இருப்பவரை, கறுப்பாக இருப்பவரை, பல் எடுப்பானவரை வாய்க்கு வந்தபடி பெயர் வைத்து அழைக்கும் காட்சிகள் டிவியில் நாளெல்லாம் ஓடுகின்றன, நாமும் சாப்பிட்டுக்கொண்டே சிரிக்கிறோம். அப்படி ஒரு பெயர் வகுப்பில் தனக்கு ஒட்டிக்கொண்டதால் மதியச் சாப்பாட்டை நிறுத்திவிட்ட சிறுமியைப் பார்த்திருக்கிறேன். டியூஷன் போகும் பெண்ணின் பின்னாலேயே சைக்கிளில் போய்க்கொண்டிருந்த பதின்மூன்று வயதுப் பையனுக்கு, அது தப்பு என்றே தெரியவில்லை. "ஹீரோவும் அப்படித்தானே ஆன்ட்டி போறாரு?" என்றான். பாலியல் எண்ணத்தோடு ஒரு சிறுமியைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது 2012-ன் போக்சோ சட்டப்படி குற்றம் என்பதை அவனுக்கு மட்டுமல்ல, கூட வந்த அவன் அப்பாவுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. இந்தக் காட்சிகளை முழுக்கத் தடுப்பது நடக்காத காரியம். வரும்போது சிரிக்காமல் இருக்கலாம். "அந்த அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று ஒரு கேள்வி போடலாம். பெரிய உரை வேண்டாம், பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள்.

நேரக் கணக்கு கேட்பவர்களுக்கு: இரண்டு வயது வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், ஐந்திலிருந்து பத்து வரை இரண்டு மணி நேரத்துக்குள் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. இரண்டரை மணி நேரப் படத்தை நாலு வயதில் ஒரே மூச்சில் பார்க்க வேண்டியதில்லை. வீட்டில் இடைவேளை விடுவது நம் கையில்தான், மூன்று நாளாகப் பார்க்கட்டும். பயம் ஒரு மாதத்தைத் தாண்டினாலோ, பள்ளிக்கூடம் போக மறுத்தாலோ, தூக்கமும் சாப்பாடும் கெட்டாலோ மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். புதுச்சேரி ஜிப்மரில் அதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. உடனே யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி இலவச எண் இருக்கிறது.

என் மகனுக்கு இப்போது பதின்மூன்று. தங்கைக்கு ஆறு. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு படத்துக்குப் போகலாமா என்று பேச்சு வந்தது. அவன் நண்பர்களோடு ஏற்கெனவே பார்த்துவிட்டான். "பேய் இல்லம்மா, சண்டையும் ஓகே. ஆனா இன்டர்வெல்லுக்கு அப்புறம் அந்த நாய்க்கு அடிபடும். அவங்க ரோட்டைக் கிராஸ் பண்ண ஆரம்பிச்சதும் இவளை பாத்ரூம் கூட்டிட்டுப் போயிடு. அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்தா போதும், நாய் கட்டுப் போட்டுக்கிட்டு நடக்கும், அதைக் கண்டிப்பா காட்டிடு."

சனிக்கிழமை மாலைக் காட்சிக்கு நாலு டிக்கெட் போட்டிருக்கிறோம், வாசலை ஒட்டிய ஓர சீட்டாகப் பார்த்து.