தீப்பெட்டியில் அடங்கிய பாட்டு

‘தீப்பெட்டிக்குள் என் துணிமணி அடங்குமா என்று யோசித்தபடி இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.’

ப்ளூஸ் என்னும் கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு மரபில் வந்தவரும் டெக்சஸைச் சேர்ந்தவருமான பார்வையற்ற பாடகர் பிளைண்ட் லெமன் ஜெபர்சன் 1927-இல் இசைத்தட்டில் பாடிய வரி இது. ஊரைவிட்டுக் கிளம்புகிறவனிடம் மூட்டை கட்டுவதற்குக்கூடப் பொருள் இல்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் வரி ஜெபர்சனின் சொந்தச் சரக்கு அல்ல. 1924-இலேயே பாடகி மா ரெய்னி இதைப் பாடிப் பதிவு செய்திருக்கிறார். ஜெபர்சன் உட்கார்ந்து யோசிக்கிறார், ரெய்னி நின்றுகொண்டு யோசிக்கிறார், அவ்வளவுதான். 1956 டிசம்பரில் மெம்பிஸ் நகர ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் கார்ல் பெர்கின்ஸ் பாடிக்கொண்டிருந்தபோது, இந்தப் பழைய பாட்டைப் பாடிப் பார் என்று சொன்னவர் அவருடைய தந்தை. டென்னசியில் பிறர் நிலத்தில், விளைச்சலில் பங்கு என்ற வாரமுறையில் பருத்தி பயிரிட்டவர். அவருக்குப் பாட்டில் நினைவிருந்தவை ஒருசில வரிகள் மட்டுமே. மீதியை மகன் தானாகக் கட்டிக்கொண்டார். 1964-இல் அதையே பீட்டில்ஸ் பாடினார்கள்.

பாட்டில் பெரும்பகுதி கரைந்துபோன ஒரு தலையில் தீப்பெட்டி மட்டும் ஏன் கரையாமல் நின்றது? தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. தாளில் எழுதிவைக்காமல் வாய்வழியே பிழைத்தாக வேண்டிய பாட்டு இது. பிழைப்பதற்கான ஏற்பாடு அதன் கட்டுமானத்திலேயே இருக்கிறது.

ப்ளூஸ் பாட்டின் ஒரு கண்ணியில் மூன்று அடிகள். முதல் அடியைப் பாடுவார்கள். அதையே மறுபடியும் பாடுவார்கள். மூன்றாவது அடி அதற்குப் பதில் சொல்லி, இயைபோடு முடியும். தீப்பெட்டி வரி இரண்டு முறை வந்தபின் ஜெபர்சன் சொல்லும் பதில்: ‘தீக்குச்சியோ அதிகமில்லை, போகவேண்டிய தூரமோ அதிகம்.’ ஆங்கிலத்தில் ‘குளோஸ்’ என்று முடிந்த அடிக்கு ‘கோ’ என்று முடியும் அடி. கறாரான இயைபு அல்ல. ஆனால் இழுத்துப் பாடும்போது காதுக்குப் போதும்.

ப்ளூஸ் பாட்டுகளை எழுதிப் பேர்பெற்ற டபிள்யூ. சி. ஹாண்டி 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் கேட்ட பாட்டு இதற்கு முந்தைய நிலை. கிதார் தந்தியில் கத்தியை அழுத்திக்கொண்டு ஒருவர் ஒரே அடியை மூன்று முறை பாடினாராம். சதர்ன் ரயில் பாதை ‘நாய்’ப் பாதையைக் கடக்கும் இடத்துக்குப் போகிறேன் என்பது அதன் பொருள். நாய் என்பது யாஸூ டெல்டா ரயிலின் பட்டப்பெயர். இரண்டு பாதைகளும் குறுக்கிட்ட ஊர் மூர்ஹெட். பிற்பாடு தாமே பாட்டெழுதியபோது, மூன்று முறையும் ஒன்றையே சொன்னால் சலிக்கும் என்று ஹாண்டி மூன்றாவது அடியை மாற்றும் முறையை எடுத்துக்கொண்டார்.

இந்த வடிவத்தைக் கடிகாரத்தோடு வைத்துப் பார்க்கலாம். ஒரு கண்ணிக்குப் பன்னிரண்டு தாளக் கட்டங்கள், கட்டத்துக்கு நான்கு தட்டு, ஆக 48 தட்டு. நிமிடத்துக்கு நூறு தட்டு என்ற நடுத்தர வேகத்தில் ஏறக்குறைய 29 விநாடி. ஓர் அடிக்குப் பத்து விநாடிக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கிறது. அந்தப் பத்திலும் பாடகர் வாய் திறப்பது பாதி நேரம்தான், மீதியில் கிதார் பேசும். பாடும் பாதியிலும் நடுவே ஒரு மூச்சுவிடல் இருக்கும்: ‘இங்கே உட்கார்ந்து யோசிக்கிறேன்’ என்று ஒரு துண்டு, ‘தீப்பெட்டியில் துணி அடங்குமா’ என்று இன்னொரு துண்டு. துண்டுக்கு இரண்டு, இரண்டரை விநாடி வரும். (ஜெபர்சன் இந்தக் கணக்குக்கெல்லாம் கட்டுப்படாதவர். கிதார் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகே அடுத்த அடிக்கு வருவார். அவருக்குப் பக்கவாத்தியம் வாசிப்பவர் பாடு திண்டாட்டம்தான்.)

இரண்டு விநாடி என்பதைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் உளவியலாளர் ஆலன் பேடலியும் அவருடைய கூட்டாளிகளும் 1975-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கேட்ட சொற்களை நாம் உடனுக்குடன் திருப்பிச் சொல்ல முடிவது, ஏறத்தாழ இரண்டு விநாடிக்குள் எத்தனை சொற்களை உச்சரிக்க முடியுமோ அத்தனைதான். தொலைபேசி எண்ணை எழுதுவதற்குள் மறந்துவிடாமல் முணுமுணுக்கிறோமே, மனத்துக்குள் முணுமுணுக்கும் அந்த நாக்கின் கொள்ளளவு அது. ப்ளூஸின் அரையடி அதில் சிந்தாமல் அடங்குகிறது. அடுத்து கிதார் வாசிக்கும் நான்கைந்து விநாடியில் கேட்பவரின் மனம் சும்மா இருக்குமா? இப்போது கேட்டதை ஒருமுறை தனக்குள் ஓட்டிப் பார்க்கும். அதற்குள் பாடகர் அதே அடியை மறுபடி பாடி, சரிபார்த்துத் தருகிறார். திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் செய்ததும் இதுதான். பாடகருக்கும் இதில் ஆதாயம் உண்டு. இரண்டாம் முறை பாடும்போது மூன்றாவது அடியை யோசித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது அடியின் வேலையை ஒரு சின்ன விளையாட்டில் பார்த்துவிடலாம். கட்டடம் கட்டப் பயன்படும் பொருள் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் செங்கல், மணல், சிமென்ட், மரம் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ‘தும்பி’ என்பதோடு இயையும் சொல் என்றால் தம்பி, வெம்பி, நம்பி. இரண்டையும் சேர்த்துக் கேட்டால்? கம்பி. வேறு விடைக்கு இடமே இல்லை. டேவிட் ரூபினும் வாண்டா வாலஸும் 1989-இல் ஆங்கிலத்தில் இதைத்தான் சோதித்தார்கள். பொருளை மட்டும் குறிப்பாகக் கொடுத்தாலும் ஓசையை மட்டும் கொடுத்தாலும் குறிப்பிட்ட சொல்லைச் சொன்னவர்கள் குறைவு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது அநேகமாக எல்லோரும் சொன்னார்கள். இரண்டு பலவீனமான குறிப்புகள் கூடினால் பலம் கூட்டலாக ஏறுவதில்லை, தாவுகிறது. முதல் அடி இரண்டு முறை ஒலித்து ஓசையை நாட்டுகிறது, கதையைப் பாதியில் நிறுத்துகிறது. மூன்றாவது அடி மறந்துபோனாலும் இந்த இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு அதைத் திரும்ப இழுத்துவிடலாம்.

அப்படியானால் ஒரே அடியை இரண்டு முறை கேட்பது ஏன் அலுப்பதில்லை? சொல் மாறாவிட்டாலும் அதற்குக் கீழே இருக்கும் தரை மாறுகிறது. சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டத்தை மேற்கத்திய இசையில் கார்டு என்பார்கள். முதல் முறை ஷட்ஜத்தின்மேல் கட்டிய கார்டு ஒலிக்கும், இரண்டாம் முறை அந்த இடத்தில் மத்தியமத்தின்மேல் கட்டியது வந்துவிடும். ப்ளூஸ் பாடகர் காந்தாரத்தைச் சற்று இறக்கி, நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் எங்கேயோ தேய்ப்பார். முதல் அடியில் கிதாரின் கார்டில் இருப்பது அந்தர காந்தாரம், ஆகவே குரல் அதோடு உரசும். இரண்டாம் அடியில் வரும் மத்தியமக் கார்டில், ப்ளூஸ்காரர்கள் வழக்கமாகச் சேர்க்கும் நான்காவது சுரம் சாதாரண காந்தாரமேதான். முதல் முறை முரண்டுபிடித்த அதே சுரம் இப்போது இடம் கிடைத்து உட்கார்ந்துகொள்கிறது. பாடகர் ஒன்றுமே மாற்றவில்லை. புலம்பலாகக் கேட்டது இப்போது ஒப்புக்கொண்டதுபோல் கேட்கிறது. ப்ளூஸில் எனக்கு மிகவும் பிடித்த சூட்சுமம் இதுதான்.

மெட்டு நினைவுக்கு உதவும் என்று எல்லோரும் சொல்வோம், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மேலே சொன்ன அதே வாலஸ் 1994-இல் கண்டது: பல கண்ணிகளும் ஒரே மெட்டில் திரும்பத் திரும்ப வந்தால்தான் வரிகள் நன்றாக நிற்கின்றன. ஒரே ஒருமுறை வந்துபோகும் மெட்டு அப்படிக் கைகொடுப்பதில்லை. பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஓடியது மூன்று நிமிடம். அதற்குள் ஆறு கண்ணி, ஆறும் ஒரே மெட்டு. வணிகக் கட்டாயத்தால் வந்த அளவு நினைவுக்கும் பொருந்திப்போனது.

சரி, ஆறு கண்ணியில் தீப்பெட்டிக் கண்ணி மட்டும் ஏன்? வரியின் முன்பாதியைப் பாருங்கள். ‘இங்கே உட்கார்ந்து யோசிக்கிறேன்’ என்பது ப்ளூஸில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் பொதுச் சொத்து, ‘காலையில் எழுந்தேன்’ என்பதைப்போல. அதற்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் மாட்டலாம். இப்படிக் கைமாறிய அரையடிகள் ஏராளம். பழகிய சட்டத்துக்குள் பழகாத ஒரு பொருள் வந்து உட்காரும்போதுதான் வரி கொக்கியாகிறது. ஒரே மாதிரிப் பொருள்களின் வரிசையில் மாறுபட்ட ஒன்று தனியாக நினைவில் நிற்கும் என்று ஜெர்மனியில் ஹெட்விக் வான் ரெஸ்டார்ஃப் 1933-இலேயே காட்டியிருந்தார். தீப்பெட்டி கண்ணுக்கும் தெரிகிறது. கையில் அடங்கும், சட்டை அடங்காது. சோகம் என்ற சொல்லே வரியில் இல்லை.

மேடைக்கு வெளியே இவர்கள் பேசியவற்றிலும் இதே வித்தை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ப்ளூஸ் வேர், மற்றதெல்லாம் அதன் கனி என்பது ப்ளூஸ் பாட்டாசிரியர் வில்லி டிக்சனின் புகழ்பெற்ற வாக்கு. தமிழில் சொன்னால் நல்ல உவமை, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அது ‘ரூட்ஸ்’, ‘ஃப்ரூட்ஸ்’ என்று கைகோத்து வருகிறது. இயைபுள்ள பழமொழியை, அதே பொருளை இயைபில்லாமல் சொல்லும் வாக்கியத்தைவிட உண்மையானது என்று மக்கள் மதிப்பிடுவதாக 2000-இல் மேத்யூ மெக்லோனும் ஜெசிகா டோஃபிக்பக்‌ஷும் காட்டினார்கள். சொல்லும் அழகை ஒதுக்கிவிட்டுப் பொருளை மட்டும் பாருங்கள் என்று எச்சரித்தால் அந்த மயக்கம் தெளிந்துவிடுகிறது. டிக்சன் சொன்னது எவ்வளவு உண்மை என்பதையும் அப்படித் தெளிந்த பிறகுதான் பார்க்க வேண்டும். இயைபே இல்லாமல் நின்றுவிட்ட வாக்கும் உண்டு. பாட்டு எல்லாமே ஜனங்கள் பாடும் நாட்டுப்பாட்டுத்தான், குதிரை பாடி நான் கேட்டதில்லை என்றவர் பிக் பில் ப்ரூன்சி என்கிறார்கள், லூயி ஆம்ஸ்ட்ராங் என்றும் சொல்கிறார்கள். சொன்னவர் பெயர் நழுவிவிட்டது, குதிரை நழுவவில்லை.

ஒரு வரி தன் சொந்தக்காரரையே தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் உண்டு. மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற விவசாயி 1928 டிசம்பரில் நியூயார்க்குக்குப் போய்ப் பாட்டுகளைப் பதிந்தார். அங்கே ஊர் நினைப்பு வந்து பாடியது ஒரு பாட்டு: ‘ஆவலான் என் ஊர், எப்போதும் என் மனத்தில்.’ ‘மைண்ட்’ என்று முடியும் அந்த அடி வழக்கம்போல் இரண்டு முறை, பிறகு ‘டைம்’ என்று முடியும் பதில். தட்டுகள் விற்கவில்லை, ஹர்ட் நிலத்துக்குத் திரும்பிவிட்டார். முப்பத்தைந்து ஆண்டு ஆனது. பழைய தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர்களிடம் அந்த அடி இருந்தது, ஊர்தான் அப்போதைய வரைபடங்களில் இல்லை. கடைசியில் பழைய வரைபட நூல் ஒன்றில் கிரீன்வுட்டுக்கும் கிரெனடாவுக்கும் நடுவே ஆவலான் அகப்பட்டது. 1963-இல் அந்தத் தட்டு சேர்ப்பவர்களில் ஒருவரான டாம் ஹாஸ்கின்ஸ் அங்கே போய், ஜான் ஹர்ட் என்று யாராவது இருந்தாரா என்று கேட்டார். ஒரு மைல் போங்கள், மேட்டில் மூன்றாவது தபால் பெட்டி என்று வழி சொன்னார்கள்.