மரம் வெட்ட வரும் வண்டியை ஒரு தரம் எட்டிப் பாருங்கள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் எங்கள் போனுக்கு ஓய்வே இருக்காது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வீட்டு மரத்தைக் கழித்துவிட வேண்டும் என்று தாம்பரம், குரோம்பேட்டை, வேளச்சேரிப் பக்கமிருந்து தினமும் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், முதல் கேள்வி மட்டும் மாறவில்லை: "எவ்வளவு ஆகும்?" கேட்க வேண்டிய கேள்விதான். அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வேலைக்கு வரும் வண்டி வாசலில் நின்றதும், யாரும் மரத்தைத் தொடுவதற்கு முன்னால், அதற்குள் ஒரு தரம் எட்டிப் பாருங்கள். ஏறுகிற ஆள் பத்திரமாக இறங்குவாரா, மரம் இன்னும் பல வருடம் நிற்குமா என்பதில் பாதி அந்த வண்டிக்குள்ளேயே தெரிந்துவிடும்.

எங்களுடையது ஒரு டாடா ஏஸ், எல்லோரும் குட்டி யானை என்று சொல்வோமே, அதுதான். சுமார் முக்கால் டன் தாங்கும். தழையை ஏற்றினால் எடை சேர்வதற்குள் இடம் நிரம்பிவிடும். பச்சைக் கட்டையை ஏற்றினால் இடம் நிரம்புவதற்குள் எடை மீறிவிடும். ஒரு அடி விட்டம், பத்தடி நீளம் உள்ள பச்சைக் கட்டை ஏறக்குறைய 200 கிலோ வரும். விட்டம் இரண்டடியானால் எடை நான்கு மடங்காகி 800 கிலோவைத் தொடும். "ஒரு கிளைதானே, அரை மணி நேர வேலை" என்று கீழே நின்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். உங்கள் ஓட்டுக் கூரைக்கு மேலே நீண்டிருக்கும் அந்த ஒரு கிளை ஒரு மோட்டார் பைக்கை விட கனமானது.

அதனால் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது கயிறு. ஆளைத் தாங்கும் கயிறு தனியாகவும் கட்டையை இறக்கும் கயிறு தனியாகவும் இருக்க வேண்டும். எங்களிடம் இரண்டும் வேறு வேறு நிறம், வேறு வேறு பை. கட்டை விழுந்து கயிற்றில் சடாரென்று நிற்கும்போது விழும் இழுப்பு, அந்தக் கட்டையின் எடையைப் போலப் பல மடங்கு. அப்படி அடிபட்ட கயிறு வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே நூல் அறுந்திருக்கும். அதையே மறுநாள் ஒருவர் இடுப்பில் கட்டிக்கொண்டால் என்ன ஆகும்? நைலான் கயிற்றை வெயிலும் தின்றுவிடும். வண்டியின் மேலேயே சுருட்டிப் போட்டு வருடக்கணக்கில் காய்ந்த கயிறு என்றால், அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கே இது தெரியாது. ஒரே வடக்கயிறுதான், எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு வீட்டில் மாமரக் கிளையை இறக்கும்போது அது பாதியில் அறுந்தது. கிளை சன்ஷேடை உடைத்துக்கொண்டு விழுந்தது. அதற்குக் கால் மணி நேரம் முன்னால் அதே கயிற்றில்தான் எங்கள் ஆள் தொங்கிக்கொண்டிருந்தார். சன்ஷேடுக்குப் பணம் கொடுத்தேன், அது பெரிய விஷயமில்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் கடன் வாங்கி இரண்டு புதுக் கயிறும் ஒரு இடுப்புப் பட்டையும் வாங்கினேன்.

அடுத்தது மிஷின். செயின் சா என்கிற சங்கிலி ரம்பத்தை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். பெரும்பாலான மிஷின்களுக்கு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி ஆயில் கணக்கு. செயினுக்குத் தனி ஆயில். இதெல்லாம் எங்கள் கவலை, நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றே விஷயம். மிஷின் பிடிக்கிறவர் தலையில் ஹெல்மெட், கண்ணுக்கு மறைப்பு இருக்கிறதா? முன்கைப்பிடிக்கு எதிரே இருக்கும் செயின் பிரேக் உடையாமல் இருக்கிறதா? காலில் என்ன போட்டிருக்கிறார்? செயின் சுற்றி ஓடும் மிஷின் பட்டையின் நுனியில் மேல்பாதி ஏதாவது கட்டையில் பட்டுவிட்டால் மிஷின் கண்ணிமைப்பதற்குள் முகத்தை நோக்கி எகிறும். நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடும் செயின் அது. இதற்கென்றே வரும் பேன்ட்டில் நூலடுக்குகள் இருக்கும். செயின் பட்டதும் நூல் பிரிந்து பல்சக்கரத்தில் சுற்றி மிஷினை நிறுத்திவிடும். சென்னை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்வது கொடுமைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். அதற்காகத்தான் நாங்கள் காலை ஆறரைக்கே வந்து கேட்டைத் தட்டுகிறோம். லுங்கியும் ரப்பர் செருப்புமாக மிஷினைத் தூக்கிக்கொண்டு ஏறுபவரைப் பார்த்தால் "தைரியசாலி" என்று சொல்லாதீர்கள். அவரை ஏற விடாதீர்கள்.

"கட்டையை நாங்களே எடுத்துக்கிறோம், காசு வேண்டாம்" என்று சொல்லி வருபவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் அவருக்குக் கூலியே அந்தக் கட்டைதான். சின்னக் கிளையும் தழையும் விறகுத் தொட்டியில் விலை போகாது, தடித்த கிளைதான் போகும். அப்போது எதை வெட்டுவார்? மாடி ஜன்னலை உரசுகிற நான்கு குச்சிகளைக் கழிக்கச் சொல்லியிருப்பீர்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் மரம் மொட்டையாக நிற்கும், தழை முழுக்க உங்கள் வாசலில் கிடக்கும்.

மொட்டையடிப்பது மரத்தைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை நம் ஊரில் வேர்விட்டுப் போயிருக்கிறது. "பாதியா வெட்டிட்டா காத்துக்குத் தாங்கும்" என்பார்கள். அந்த வருடம் தாங்கும். அப்புறம் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகப் புதுக்கொப்பு கிளம்பும். அவை பட்டைக்கு அடியிலிருந்து மேலோட்டமாக முளைப்பவை, பழைய கிளையைப் போல உள்மரத்தோடு பின்னி வளர்ந்தவை கிடையாது. நாலைந்து வருடத்தில் கனத்துவிடும், அதற்குள் வெட்டுவாய் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி உள்ளே மக்கியிருக்கும். அடுத்த புயலில் முறிவது அந்தக் கொப்புதான்.

மரத்துக்கு நம்மைப் போலக் காயம் ஆறாது. கெட்ட இடத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, வெளியே புது மரத்தை வளர்த்துக்கொள்ளும். அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து இதை நிறுவினார். கிளை தண்டோடு சேரும் இடத்தில் கழுத்துப் பட்டி போலக் கொஞ்சம் புடைத்திருக்கும். சுவர் எழுப்பும் வேலை நடப்பது அங்கேதான். அந்தப் புடைப்பை விட்டு, அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். தண்டோடு வழித்து வெட்டினால் சுவர் போச்சு. முளை மாதிரி நீட்டிவிட்டால் அந்த முளை மக்கி உள்ளே இழுத்துக்கொண்டு போகும். கனமான கிளையை ஒரே வெட்டில் எடுக்கவும் கூடாது, பட்டை தூர் வரை உரிந்துவிடும். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி முதலில் அடியில் ஒரு வெட்டு, அதற்கு இன்னும் கொஞ்சம் வெளியே மேலிருந்து ஒரு வெட்டு, கிளை இறங்கிய பிறகு புடைப்பை ஒட்டி மூன்றாவது. தார், பெயின்ட் எதுவும் பூசத் தேவையில்லை. நல்ல கை ரம்பத்தால் வெட்டிய சுத்தமான வாய் போதும்.

தெருவோர மரம் உங்கள் கேட்டுக்கு எதிரே நின்றாலும் அது மாநகராட்சியுடையது. அனுமதி இல்லாமல் எங்களைக் கை வைக்கச் சொல்லாதீர்கள்.

மின்கம்பியில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பச்சைக் கிளை மின்சாரத்தைக் கடத்தும், மழையில் நனைந்தால் இன்னும் மோசம். தேங்காய் பறிக்கிற இரும்புத் துரட்டி கம்பியில் பட்டுப் போன உயிர்கள் நம் ஊரில் கொஞ்சமா? கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் முன்கூட்டியே சொல்லுங்கள், லைன்மேன் வந்து நிறுத்தட்டும். உங்கள் வீட்டில் விளக்கு அணைந்திருப்பதை நாங்கள் அத்தாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. பக்கத்தில் யாரோ தவறாக இணைத்த ஜெனரேட்டர் எதிர்ப்பக்கமிருந்து கம்பியில் மின்சாரத்தை அனுப்பக்கூடும். லைன்மேன் நேரில் நின்று சரி என்று சொன்னால்தான் ஏணியை எடுப்போம். இதனால் சில நாள் வேலை தள்ளிப்போகும், கோபப்படாதீர்கள்.

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா அடித்துப் போன பிறகு இரண்டு வாரம் நாங்கள் வீட்டுக்குக் குளிக்க மட்டும் போனோம். குல்மொஹரும் தூங்குமூஞ்சியும் இயல்வாகையும் தெருத்தெருவாகச் சாய்ந்து கிடந்தன. விழுந்த மரத்தை வெட்டுவது நிற்கிற மரத்தை வெட்டுவதை விட ஆபத்தானது என்பதை அந்த இரண்டு வாரத்தில்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். வளைந்து கிடக்கும் மரம் இழுத்துப் பிடித்த வில் மாதிரி. ஒரு பக்கம் இழுபட்டும் மறுபக்கம் நசுங்கியும் இருக்கும். இடம் தெரியாமல் மிஷினை வைத்தால் மரம் மிஷின் பட்டையைக் கவ்விக்கொள்ளும், இல்லையென்றால் கட்டை எகிறி அடிக்கும். ஆதம்பாக்கத்தில் ஒரு தூங்குமூஞ்சி வேரோடு பெயர்ந்து கிடந்தது. தண்டை அறுத்து முடித்த நொடியில், மண்ணோடு செங்குத்தாக நின்ற அந்த வேர்ப்பந்து தானாக எழுந்து திரும்பவும் குழிக்குள் உட்கார்ந்தது. அதற்குச் சற்று முன்னால்தான் அந்தக் குழிக்குள் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளை எங்கள் குழுவின் பெரியவர் அதட்டி வெளியே வரவைத்திருந்தார். அவருக்கு அது பழைய அனுபவம். எனக்கு இன்றைக்கும் நினைத்தால் கை நடுங்குகிறது. புயலில் விழுந்த மரத்தின் குழிப்பக்கம் குழந்தைகளை விடவே விடாதீர்கள்.

அந்த மரங்களில் பலவற்றின் தூரைப் பார்த்தேன். ஒரு பக்க வேர் புதிதாக வெட்டப்பட்டிருந்தது, மறுபக்கம் சிமென்ட் தளம் கழுத்தை நெரித்திருந்தது. மரத்தைப் பிடித்து நிறுத்தும் வேரில் பெரும்பகுதி மேல் மூன்றடி மண்ணுக்குள்தான் பரவுகிறது. வடிகாலுக்கோ காம்பவுண்டுச் சுவருக்கோ பள்ளம் தோண்டி அதை வெட்டிவிட்டு, மேலே கிளையைக் கழித்து என்ன பயன்? டெல்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை எடுக்கச் சொல்லி 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. உங்கள் வீட்டு வேம்புக்கு நீங்களே அதைச் செய்யலாம், ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலை.

சரி, நாங்கள் வருகிற அன்று காரையும் பைக்கையும் முந்தின ராத்திரியே வெளியே நகர்த்திவிடுங்கள். மரத்தில் தேன்கூடோ கதண்டுக் கூடோ பார்த்திருந்தால் போனிலேயே சொல்லிவிடுங்கள், ஏறிய பிறகு சொல்ல வேண்டாம். பறவைக் கூட்டில் குஞ்சு இருந்தால் அந்தக் கிளையை இரண்டு வாரம் கழித்து வந்து எடுத்துத் தருகிறோம், அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை. ஆள் மேலே இருக்கும்போது கீழிருந்து "அந்தக் கிளையையும் எடுத்துடுங்க தம்பி" என்று குரல் கொடுக்காதீர்கள். அவர் திரும்பிப் பார்ப்பார். எதுவானாலும் கீழே கயிறு பிடித்திருப்பவரிடம் சொல்லுங்கள், அவர் சைகையில் சொல்லிக்கொள்வார். டீ கொண்டுவந்தால் ஆள் இறங்கிக் கயிற்றை அவிழ்த்த பிறகு கொடுங்கள்.