‘எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு’ என்று சொல்வதற்கு முன்

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து கை நடுங்குகிறது, அறுந்த பாவு இழையை முடிய முடியவில்லை என்று சேலம் அம்மாப்பேட்டை விசைத்தறித் தொழிலாளி ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே உட்கார்ந்திருப்பவரும் மனநோயிலிருந்து மீண்டவர். அவர் வாயில் உடனே வருவது இது: “எனக்கும் அப்படித்தான் இருந்துச்சுங்கண்ணா. நான் பாதி மாத்திரையா குறைச்சுட்டேன், இப்ப நல்லா இருக்கேன்.” முதல் வாக்கியத்துக்காகத்தான் அவரைச் சக ஆதரவாளராக, அதாவது தன் அனுபவத்தை வைத்து மற்ற நோயாளிகளுக்குத் துணை நிற்பவராக, வேலைக்கு எடுக்கிறோம். அடுத்த வாக்கியம் வராமல் இருக்கத்தான் பயிற்சி.

சரியான பதில் இப்படி இருக்கும்: “நடுக்கத்தை இதே வார்த்தையில டாக்டர்கிட்ட சொல்லலாங்களா? பாவு முடிய முடியலைங்கறதையும் சேர்த்துச் சொல்லுங்க. நானும் கூட வர்றேன்.” ஓ.பி. நெரிசலில் “நல்லா இருக்கீங்களா?” என்றால் தலையாட்டிவிட்டு வந்துவிடுபவர்கள்தான் அதிகம். நடுக்கத்துக்கு மருந்தை மாற்றவோ அளவைத் திருத்தவோ டாக்டரால் முடியும், ஆனால் விஷயம் அவர் காதுக்குப் போக வேண்டுமே. இரவு ஷிப்டும் அப்படித்தான். ராத்திரி மாத்திரை போட்டால் தறியில் தூங்கி விழுவோம் என்று அந்த வாரம் முழுக்க மாத்திரையை விட்டுவிடுவார்கள். இருதுருவ மனநோய் (அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வருவது) உள்ளவருக்கோ தூக்கம் கெடுவதே நோயைக் கிளப்பிவிடும். ‘ஷிப்டு எப்ப?’ என்று கேட்கத் தோன்றுவது தறிக்கொட்டாயை அறிந்தவருக்குத்தான்.

மீண்டவரையே துணைக்கு வைக்கும் இந்த யோசனை புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் கண்காணிப்பாளராக இருந்த ழான் பப்தீஸ்த் புசேன், குணமான நோயாளிகளையே பணியாளர்களாகச் சேர்த்துக்கொண்டார். அவரே முன்பு அங்கே நோயாளியாக இருந்தவர், ஆனால் மனநோய்க்காக அல்ல. குடியை விட்டவர் குடிப்பவருக்குத் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் தொடங்கியதும் இதே வழிதான்.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது, நன்றாகப் பேசுபவரை எடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கேட்கத் தெரிந்தவர் வேண்டும். இரண்டு வருடம் அறிகுறியே இல்லாதவர்தான் வேண்டும் என்ற நிபந்தனையும் வீண். தனக்கு மறுபடி சரியில்லாமல் போகும்போது முதலில் என்ன மாறும், அப்போது என்ன செய்வார், யாரிடம் சொல்வார் என்று கேளுங்கள். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்பவர் போதும்.

ஒரு பயிற்சிக் குழுவுக்கு 10 முதல் 12 பேர். வாரத்துக்கு 2 நாளாக 5 வாரம் வகுப்பு, பிறகு 3 மாதம் மேற்பார்வையோடு வேலை என்று பிரித்தால் தாங்கும். வகுப்பைக் காலை 10.30க்கு முன் தொடங்கக் கூடாது. இரவு மாத்திரையின் மயக்கம் தெளிய நேரம் வேண்டும். யாரும் அனுமதி கேட்காமல் எழுந்து போகலாம் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும், வேறொருவர் கதை தன் காயத்தைக் கிளறும் என்பதால்.

முதல் 3 வகுப்பும் சொந்தக் கதைக்கே போகும். போகட்டும். ஒவ்வொருவரும் தன் கதையை மூன்று தாள்களில் எழுதுகிறார்: யாரிடமும் சொல்லக்கூடியது, நம்பியவரிடம் மட்டும் சொல்வது, வேலையில் சொல்லவே கூடாதது. பிறகு முதல் தாளை 2 நிமிடத்தில் சொல்ல வேண்டும், அடுத்து அரை நிமிடத்தில், கடைசியாக 2 வாக்கியத்தில். பலர் இங்கேதான் திணறுவார்கள். சுருக்கச் சுருக்கத்தான் எது கேட்பவருக்காக, எது தன் பாரத்தை இறக்கிவைக்க என்பது பிரியும். கேட்டுக்கொண்டிருந்தவர் ஆதரவாளருக்கே ஆறுதல் சொல்லத் தொடங்கினால் கதை நீண்டுவிட்டது என்று அர்த்தம்.

தற்கொலை எண்ணத்தைக் கேட்பதை வாய்விட்டுச் சொல்லிப் பழக்க வேண்டும். ‘தப்பான முடிவு ஏதாச்சும்...’ என்று இழுத்தால், எதிரில் இருப்பவரும் ‘அதெல்லாம் இல்லைங்க’ என்று நழுவிவிடுவார். “செத்துப் போயிடலாம்னு தோணுதுங்களா?” என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியே விடக் கூடாது. சிகிச்சைக் குழுவில் பொறுப்பானவரை அப்போதே அழைக்க வேண்டும். வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தை அப்புறப்படுத்தச் சொல்ல வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் எண் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) இரவிலும் எடுக்கும். ‘உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் நான் டீமுக்குச் சொல்லித்தான் ஆகணுங்க’ என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவைக்கவில்லை என்றால் பின்னால் அது துரோகமாகத் தெரியும்.

மருந்தைப் பற்றி அறிவுரை கூடாது, ஆனால் அபாயம் தெரிந்திருக்க வேண்டும். இருதுருவ மனநோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவருக்கு வாந்தி, பேதி, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குளறல் வந்தால் அடுத்த ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும்.

ஏற்காட்டில் கணக்கு வேறு. காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. எஸ்டேட் லைன் வீடுகளில் யார் வீட்டுக்கு யார் வந்தார் என்பது சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகவே வீட்டுக்குப் போவதைவிட சந்தை நாளில் டீக்கடை ஓரமாகச் சந்திப்பது மேல். சேர்வராயன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டவரிடம் சாமியா மருந்தா என்று வாதாட வேண்டாம், இரண்டும் நடக்கட்டும்.

குடும்பத்தார் வேறு வகையில் இழுப்பார்கள். “தம்பி, நீங்க சொன்னா கேப்பான், மாத்திரை போடச் சொல்லுங்க” என்பார்கள்; அவன் என்ன சொன்னான் என்று துருவுவார்கள்; பொண்ணு வீட்டில் நோயைச் சொல்லலாமா என்று கேட்பார்கள். சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தருகிறது. கல்யாண விஷயத்தில் முடிவு ஆதரவாளருடையது அல்ல. அம்மாவையும் மகனையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசவைப்பதோடு அவர் வேலை முடிந்தது.

உண்மையில் இந்தத் திட்டங்களைக் கெடுப்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரிப் பக்கம்தான். ஃபைல் தூக்க, டோக்கன் கூப்பிட, ஊசி போடும்போது நோயாளியைப் பிடித்துக்கொள்ள என்று ஆதரவாளரை இழுத்துவிடுவார்கள். ஒரு தடவை கையைப் பிடித்து அழுத்தியவரிடம் யாரும் மனம் திறக்கமாட்டார்கள். எது அவர் வேலை, எது இல்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி, நர்சுகளுக்கும் டாக்டர்களுக்கும் அரை நாள் வகுப்பு வைத்த பிறகே அவரை வார்டுக்குள் அனுப்ப வேண்டும். ஒரு இடத்தில் இருவராகப் போடுங்கள். சம்பளம் மாதச் சம்பளமாக இருக்கட்டும், தலைக்கு இவ்வளவு என்று வேண்டாம்.

மேற்பார்வையாளர் ஆதரவாளருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டராக இருக்கக் கூடாது. முடியவில்லை என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மறைத்துவிடுவார். முதல் 3 மாதம் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். நோய் திரும்பும்போது முதலில் என்ன மாறும் என்று அவரே எழுதித் தந்த குறிப்பின் நகல் மேற்பார்வையாளரிடம் இருக்கும். நோய் திரும்பினால் மற்ற ஊழியர்களுக்கு உள்ள மருத்துவ விடுப்புதான் அவருக்கும். திரும்பி வரும் முதல் வாரம் பாதி நாள் வேலை. ‘அக்கா லீவுல இருந்தாங்க’ என்பதற்கு மேல், அவர் பார்த்துவந்தவர்களிடம் என்ன சொல்வது என்பதை அவரே முடிவு செய்வார்.