போன் செத்துவிட்டது, நெட் மட்டும் நொண்டிக்கொண்டு வருகிறது

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு லேண்ட்லைன் ஒரு ஐப்பசி மழையில் செத்துப்போனது. ரிசீவரை எடுத்தால் டயல் டோன் இல்லை, வழக்கமான கரகரப்பு கூட இல்லை. ஆனால் அதே ஒயரில் வந்துகொண்டிருந்த இன்டர்நெட் முக்கி முனகி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டுச் சொன்னால், "லைன் கட்டாகியிருந்தா நெட் எப்படி சார் வரும்?" என்று அந்தப் பெண் கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கும் அப்போது பதில் தெரியாது. ஆறு நாள் கழித்து வந்த லைன்மேன், தெருமுனை டிபி பாக்ஸை (வீடுகளுக்குப் போன் கம்பி பிரியும் பெட்டி) திறந்து பார்த்துவிட்டு, "ஒரு கால் அறுந்து கிடக்குது தம்பி, இன்னொரு கால்ல நெட்டு நொண்டியடிக்குது" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அது அப்படியே உண்மை.

எப்படி என்று புரிய, அந்த ஒயருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். லேண்ட்லைன் என்பது எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரைக்கும் வரும் இரண்டு மெல்லிய செம்புக் கம்பிகள், ஒன்றோடொன்று முறுக்கியவை. முறுக்குவது அழகுக்காக இல்லை. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறும், மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் இரைச்சல் கழிந்துவிடும். டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்லே 1881ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நாம் பேசும்போது இந்தக் கம்பியில் ஓடுவது சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைக்குமான அலைகள் மட்டும்தான். அதற்கு மேலே கம்பி காலியாகக் கிடக்கிறது. அந்தக் காலி இடத்தில் குடியேறியதுதான் டிஎஸ்எல். நம் வீடுகளுக்கு வந்த ஏடிஎஸ்எல் வகை 25 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1.1 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், அடுத்து வந்த ஏடிஎஸ்எல்2 பிளஸ் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். போனுக்கும் மோடத்துக்கும் நடுவே ஒரு சின்ன வெள்ளை டப்பா தொங்குமே, அந்த ஸ்பிளிட்டரின் வேலை இந்த இரண்டு குடித்தனத்தையும் பிரித்துவைப்பதுதான். அது கெட்டுப்போனால் போனில் சீறல் கேட்கும், யாராவது போன் அடித்தால் நெட் அறுந்துபோகும்.

அந்த ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலத்தை மொத்தமாக ஒரே பாட்டையாகப் பயன்படுத்துவதில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தறியை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். பாவில் நூற்றுக்கணக்கான இழைகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவதுபோல, மோடம் இந்த அகலத்தை 256 இழைகளாகப் பிரித்துக்கொள்கிறது (ஏடிஎஸ்எல்2 பிளஸில் 512). ஒவ்வொரு இழையும் 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலம். மோடத்தை ஆன் செய்ததும் டிஎஸ்எல் லைட் மினுக்கிக்கொண்டே இருக்கிறதே, அந்த அரை நிமிஷமும் அது இழை இழையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது: இந்த இழை எவ்வளவு தாங்கும், இது இற்றுப்போயிருக்கிறதா, இதை விட்டுவிடலாமா என்று. நல்ல இழையில் ஒரு தடவைக்கு 15 பிட் வரைக்கும் ஏற்றும், சுமாரானதில் மூன்று நான்கு, இற்றுப்போனதில் ஒன்றும் ஏற்றாது. இப்படி நொடிக்கு 4,000 தடவை. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சியோஃபி என்ற பேராசிரியர் வளர்த்தெடுத்த முறை இது. கீழே வருவதற்கு அகலப் பாதையும் மேலே போவதற்குக் குறுகல் பாதையும் வைத்தால் பக்கத்துக் கம்பிகளின் இரைச்சலைக் குறைக்கலாம் என்ற யோசனை, 1980களின் கடைசியில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் ஜோசப் லெக்லைடர் சொன்னது. அவர்கள் மனதில் அப்போது இருந்தது டெலிபோன் கம்பியில் சினிமா அனுப்புவது; இன்டர்நெட் பிற்பாடு வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இப்போது அறுந்த காலுக்கு வருவோம். போன் வேலை செய்ய நேர்மின்சாரம் (ஒரே திசையில் ஓடும் டிசி கரண்ட்) ஒரு கம்பியில் போய் இன்னொரு கம்பியில் திரும்ப வேண்டும். ஒரு கம்பி அறுந்தால் வட்டம் உடைந்தது, போன் ஊமை. ஆனால் உயர் அதிர்வெண் அலைக்கு அந்தக் கண்டிப்பு கிடையாது. அறுந்த முனைகள் நெருக்கமாக இருந்தால் அந்த இடைவெளியே ஒரு சின்ன மின்தேக்கி மாதிரி ஆகிவிடும், நேர்மின்சாரத்துக்குச் சுவராக நிற்கிற இடத்தை உயர் அலை தாண்டிவிடும். பக்கத்துக் கம்பி, பூமி என்று கிடைத்ததைப் பிடித்துக்கொண்டும் கொஞ்சம் வந்து சேரும். இழைகளில் பாதி செத்து, மீதி பாதி அரைகுறையாக ஓடும். அதுதான் நொண்டி.

ஒவ்வொரு மழையிலும் கம்பி அறுந்துவிடுவதில்லை. பெரும்பாலும் நடப்பது ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்குவது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்கு ஒரே கம்பி வருவதில்லை. பில்லர் பாக்ஸ், டிபி பாக்ஸ், டிராப் ஒயர், வீட்டு வாசலில் ஒரு முடிச்சு என்று வழியெல்லாம் ஒட்டு. ஈரம் இறங்கினால் இரண்டு கம்பிக்கும் நடுவே மின்சாரம் கசியும், ஒரு கம்பி மற்றதைவிடப் பலவீனமாகும், முறுக்கினால் கிடைத்த சமநிலை போய்விடும். மழை விட்டதும் காய்ந்து சரியாகிவிடுவதால் புகார் கொடுத்து ஆள் வரும்போது லைன் நன்றாக இருக்கும், "எல்லாம் கரெக்டாதானே இருக்கு" என்று போய்விடுவார்கள். ஆனால் ஒவ்வொரு நனைதலுக்கும் செம்பில் பச்சைக் களிம்பு கொஞ்சம் ஏறுகிறது. களிம்பு பிடித்த ஜாயின்ட் ஒரு வேடிக்கை செய்யும்: போனை எடுத்துப் பேசினால் அந்த மின்சாரம் களிம்பைத் துளைத்துக்கொண்டு ஓடி, கொஞ்ச நேரம் நெட்டும் நன்றாக வரும். எங்கள் அம்மா நெட் படுத்துக்கொண்டால் லேண்ட்லைனிலிருந்து என் செல்போனுக்கு ஒரு கால் போடுவார், வந்துவிடும். மூடநம்பிக்கை என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தூரம் தனிப் பிரச்சனை, அதைச் சரிசெய்ய யாராலும் முடியாது. அதிர்வெண் ஏற ஏற மின்சாரம் கம்பியின் மேல்தோலில் மட்டுமே ஓடும். ஒரு மெகாஹெர்ட்ஸில் அந்தத் தோலின் தடிமன் மில்லிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்குதான், அரை மில்லிமீட்டர் கம்பியின் உள்செம்பு சும்மா படுத்துக்கிடக்கும். அதனால் மேல் இழைகள் முதலில் சாகும். எங்கள் மோடத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் லைன் அட்டெனுவேஷன் (வழியில் சிக்னல் தேய்ந்துபோகும் அளவு) 48 டெசிபல் என்று காட்டியது. கிலோமீட்டருக்குச் சுமார் 13, 14 டெசிபல் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு, அப்படிப் பார்த்தால் எக்ஸ்சேஞ்ச் மூன்றரை கிலோமீட்டர். 48 டெசிபல் என்றால் அங்கே கிளம்பிய சக்தியில் அறுபத்து மூவாயிரத்தில் ஒரு பங்கு வீட்டுக்கு வருகிறது. எனக்கு வேகம் நாலு எம்பியைத் தாண்டியதில்லை. (எம்பிபிஎஸ் என்று முழுசாக எழுதினால் டாக்டர் படிப்பு ஆகிவிடுகிறது, எம்பி என்றே வைத்துக்கொள்கிறேன்.) இந்த நிலையில்தான் ஒரு தடவை, "எட்டு எம்பி பிளான்ல இருக்கீங்க, பதினாறுக்கு மாத்திக்கோங்க, ஃபாஸ்ட்டா வரும்" என்று விற்றார்கள். மாதாமாதம் கூடுதலாகக் கட்டினேன், அதே நாலு எம்பி. கம்பி நாலுதான் தாங்கும் என்று அவர்கள் திரையிலேயே தெரிந்திருக்கும். விளம்பரத்தில் "வரை" என்று ஒரு சின்ன வார்த்தை போடுகிறார்களே, 48 டெசிபலையும் அதற்குள் மடித்துவைத்திருக்கிறார்கள். தூரத்துக்காக அவர்களை நான் திட்டமாட்டேன். இதற்காகத் திட்டுவேன்.

ஸ்டேட்டஸ் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும், எஸ்என்ஆர் மார்ஜின். சிக்னல் இரைச்சலைவிட எவ்வளவு மேலே இருக்கிறது என்பதில், தேவைக்கு மேல் கையில் வைத்திருக்கும் மிச்சம். கம்பியின் அகலமும் இந்த விகிதமும் சேர்ந்துதான் அதிகபட்ச வேகத்தை முடிவுசெய்கின்றன என்று 1948லேயே அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் கணக்காக எழுதிவிட்டார். நடைமுறையில் 3 டெசிபல் குறைந்தால் ஒவ்வொரு இழையும் ஒரு பிட்டை இழக்கும். 200 இழை ஓடுகிறது என்றால் நொடிக்கு எட்டு லட்சம் பிட் போச்சு. மோடம் பொதுவாக 6 டெசிபல் மிச்சம் வைத்துக்கொண்டு இணையும். அதற்குப் பிறகு இரைச்சல் ஏறினால் இந்த மிச்சத்தைத் தின்னும், தின்று தீர்ந்தால் இணைப்பு அறுந்து, லைட் மறுபடி மினுக்கத் தொடங்கும்.

இரைச்சல் எங்கிருந்து வரும்? எங்கள் தெருவில் கேட்கவே வேண்டாம், விசைத்தறி மோட்டார். அது ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கும்போதும் ஒரு மின் வெடிப்பு. கரண்ட் போய் வந்தால் தெருவிலுள்ள அத்தனை தறியும் ஒன்றாகக் கிளம்பும், என் நெட் ஒன்றாகப் படுக்கும். மட்டமான எல்இடி பல்பு, சார்ஜர் எல்லாம் தங்கள் பங்குக்கு. இன்னொன்று யாரும் எதிர்பார்க்காதது: ரேடியோ. மத்திய அலை வானொலி ஒலிபரப்பும் அதிர்வெண்கள் டிஎஸ்எல் இழைகளின் நடுவிலேயே இருக்கின்றன. பகலில் அந்த அலைகள் அதிக தூரம் போகாது. இருட்டியபின் வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி எங்கெங்கிருந்தோ வரும். பகலில் ஒழுங்காக இருந்த லைன் ராத்திரி எட்டு மணிக்கு மேல் தடுமாறுவதற்கு, ஊரே ஒரே நேரத்தில் வீடியோ பார்ப்பது தவிர இதுவும் ஒரு காரணம்.

"மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்ற மந்திரம் ஏன் சில சமயம் பலிக்கிறது என்பதும் இங்கே புரியும். மழை நேரத்தில் அறுந்து மறுபடி இணைந்த மோடம் அந்த ஈரக் கணக்கையே பிடித்துக்கொண்டிருக்கும், கம்பி காய்ந்த பிறகும். ஆஃப் செய்து ஆன் செய்தால் இழைகளைப் புதிதாக எண்ணும். ஆனால் ஜாயின்ட் களிம்புக்கு அது மருந்து இல்லை, இருபது தடவை செய்தாலும்.

மூன்று வருஷம் இப்படிப் போராடிவிட்டு, சரி, கம்பெனியை மாற்றிவிடலாம் என்று முடிவுசெய்தேன். பிரிட்டன் போன்ற நாடுகளில் டிஎஸ்எல் கம்பெனி மாறினால் பல சமயம் பழைய செம்புக் கம்பியையே புதுக் கம்பெனி வாடகைக்கு எடுத்துத் தருகிறது, அதாவது பில் மாறும், களிம்பு பிடித்த ஜாயின்ட் மாறாது. நம் ஊரில் கம்பெனியை மாற்றுவது என்றால் ஒயரையே மாற்றுவது. எனக்கு அது நல்லதாகப் போயிற்று.

பைபர் இழுக்க வந்தவர் எங்கள் தெரு கேபிள் டிவிக்காரர்தான். தலைமுடி தடிமனுள்ள கண்ணாடி இழையின் மேல்பூச்சை உரித்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நேராக வெட்டி, ஒரு சின்ன மெஷினுக்குள் இரண்டு முனையையும் எதிரெதிரே வைத்தார். மின்பொறி ஒன்று அடித்து இரண்டையும் உருக்கி ஒட்டியது. திரையில் ஒட்டினால் ஏற்பட்ட இழப்பு 0.02 டெசிபல் என்று வந்தது. 48ஐப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது எழுத்துப்பிழை மாதிரி இருந்தது. கண்ணாடி இழையில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபல்தான் போகும். நாலு கிலோமீட்டருக்கு அனுப்பிய ஒளியில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கீழே வந்து சேர்ந்துவிடும். நடுவில் ஒரு கண்ணாடிப் பிரிப்பான் அந்த ஒளியை 32 வீட்டுக்குப் பங்குபோட்டும் மிச்சம் தாராளம். தறி மோட்டார், ரேடியோ எதுவும் ஒளியைத் தொடாது. அதற்காகச் சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். பின்கட்டு அறையில் வைஃபை இன்றும் இழுத்துக்கொண்டுதான் வருகிறது, ஒன்றேகால் அடி மண் சுவருக்குப் பைபர் என்ன செய்யும்.

செம்பை முழுசாகத் தூக்கிப் போடவும் மனசில்லை, அதற்குக் காரணம் ஏற்காட்டில் இருக்கும் சித்தி. டவுனிலிருந்து தள்ளி காபித் தோட்டத்துக்குள் வீடு. டிஎஸ்எல் அங்கே வரவே இல்லை: எக்ஸ்சேஞ்சிலிருந்து பார்த்தால் எதிர் மலையில் கைக்கெட்டும் தூரத்தில் வீடு தெரியும், ஆனால் கேபிள் ரோட்டோடு போகிறது, ரோடு வளைந்து வளைந்து போகிறது, கம்பியின் நீளம் கூடிக்கொண்டே போகிறது. பேச்சுக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டில்லை. புயல் மழையில் சில்வர் ஓக் மரம் சாய்ந்து மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, செல்போன் டவரும் பேட்டரி தீர்ந்து படுத்தபோது, சித்தியின் பழைய போன் மட்டும் அடித்தது. லேண்ட்லைனுக்கு வீட்டுக் கரண்ட் வேண்டாம், எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் அந்தச் செம்பிலேயே வருகிறது. கண்ணாடியில் மின்சாரம் வராது, பைபர் பெட்டிக்கு வீட்டில் ஒரு சின்ன யுபிஎஸ் வைத்தே ஆக வேண்டும்.

பைபருக்கு மாறுகிறவர்கள், ஆள் கிளம்புவதற்குள் வீட்டுக்கு வரும் ஒளியின் அளவை மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். டிபிஎம் என்ற அலகில், மைனஸில் வரும், மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் நடுவே இருந்தால் சரி, 27ஐ நெருங்க நெருங்க ஆபத்து. எங்கள் வீட்டில் மைனஸ் 19. போன மாதம் ஒரு நாள் அது மைனஸ் 26க்கு இறங்கி, பெட்டியில் சிவப்பு லைட் வருவதும் போவதுமாக இருந்தது. கேபிள்காரர் மாடியெல்லாம் ஏறித் தேடிவிட்டுக் கடைசியில் அடுப்படி ஜன்னலுக்கு வந்தார். தொங்கிக்கொண்டிருந்த ஒயரை அம்மா அழகாக ஆணியில் இறுக்கிச் சுற்றி வைத்திருந்தார். கண்ணாடி இழையை அவ்வளவு இறுக்கி வளைத்தால் ஒளி வளைவில் வெளியே கசிந்துவிடும். அவர் சுற்றைப் பிரித்துவிட்டார், மைனஸ் 19. "பழைய ஒயரு எவ்வளவு மடக்கினாலும் ஒண்ணும் ஆகாதே" என்றார் அம்மா.