பசையில்லாமல் நிற்கும் இறகு

நீலகிரியில் அவலாஞ்சி டிரவுட் மீன் பண்ணையைப் பார்த்துவிட்டு வந்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "டிரவுட் பிடிக்கப் புழு வேண்டாமாம், தூண்டில் முள்ளில் இறகைச் சுற்றினால் போதுமாம். பசைகூட இல்லாமல் அது எப்படி அவிழாமல் நிற்கிறது?" எனக்கு மிகவும் பிடித்த ஒரு இயற்பியல் இதற்குள் ஒளிந்திருக்கிறது.

முதலில் பூச்சி. மேஃப்ளை என்ற பூச்சி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நிம்ஃப் என்ற இளம்பருவமாக ஆற்றடியில் கழிக்கிறது. சிறகு விரிக்க அது மேலே நீந்தி வரும் நேரத்தில் டிரவுட் அதை விழுங்கிவிடும். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றைப் பராமரிக்கும் வேலையில் இருந்த ஃப்ராங்க் சாயர் இந்த நிம்ஃபுகளை உற்றுப் பார்த்தார். நீந்தும்போது அவை கால்களை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்கின்றன, ஆகவே மீனை ஏமாற்ற முள்ளில் கட்டும் போலிப்பூச்சிக்கும் கால் தேவையில்லை என்று விட்டுவிட்டார். நூலும் வேண்டாம் என்றார். ஃபெசன்ட் என்ற பறவையின் சேவலுடைய வால் இறகு, மெல்லிய செம்புக்கம்பி, இரண்டே பொருள்.

முள்ளின் தண்டில் கம்பியைச் சுற்றி, நெஞ்சுப் பகுதியில் கொஞ்சம் மேடாக்க வேண்டும். இறகின் நாலு இழைகளை நுனி வாலாக நீட்டியிருக்கும்படி கட்டி, இழையையும் கம்பியையும் சேர்த்து முறுக்கி, முள்ளின் கண் (தூண்டில் நரம்பு கோக்கும் துளை) வரை சுற்ற வேண்டும். பிறகு இழைகளை நெஞ்சின் மேல் முன்னும் பின்னும் மடித்து, கடைசியில் கம்பியால் அரைமுடிச்சு. அவ்வளவுதான் வேலை. கம்பி எடையும் தருகிறது, டிரவுட்டின் பல்லில் இறகு அறுந்துபோகாமலும் காக்கிறது.

சரி, ஏன் அவிழவில்லை? துறைமுகத்தில் கப்பல் கயிற்றை இரும்புத் தூணில் சில சுற்று சுற்றிவிட்டு, மறுமுனையை ஒரே ஆள் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் உராய்வு இழுவிசையைக் குறைக்கிறது, ஆனால் கழித்துக் குறைப்பதில்லை, வகுத்துக் குறைக்கிறது. உராய்வுக் கெழு, அதாவது உராய்வின் அளவைச் சொல்லும் எண், 0.2 என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு சுமார் 3.5 மடங்கு, இரண்டு சுற்றுக்கு 12, ஐந்து சுற்றுக்கு 530க்கும் மேல். ஒரு முனையில் 1 கிலோ இழுத்தாலும் ஐந்து சுற்று தாண்டி மறுமுனைக்குப் போய்ச்சேருவது 2 கிராம் கூட இல்லை! அந்த மிச்சத்தைத் தாங்க, மேலே படிந்த அடுத்த சுற்றின் அழுத்தமே போதும். செம்பு மிருதுவானது என்பதால் வளைத்த இடத்தில் வளைந்தபடியே நிற்கும், திமிறிக்கொண்டு நிமிராது.

இதைவிட அழகான ஒன்று இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் கண்ட இந்தக் கணக்கில் தண்டின் பருமனே வராது, சுற்றிய கோணம் மட்டும்தான். தண்டு ஒல்லியானால் கயிறு தொடும் நீளம் குறையும், அதே அளவுக்கு அழுத்தம் கூடும், இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும். கப்பல் கட்டும் தூணுக்கும் தூண்டில் முள்ளுக்கும் ஒரே சூத்திரம்! இதை முதலில் படித்தபோது என்னால் நம்ப முடியவில்லை.

இந்த இறகுதான் வேண்டும், இந்த நிறம்தான் ராசி என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆலிவர் கைட் என்ற தூண்டில்காரர் இறகே இல்லாமல் வெறும் முள்ளில் செம்புக்கம்பியை மட்டும் சுற்றி டிரவுட் பிடித்துக் காட்டினார். பூச்சி போன்ற அளவும், ஆழத்திலிருந்து மேலெழும் அசைவும் இருந்தால் மீன் வரும், ராசியை மீன் பார்ப்பதில்லை என்பதுதான் என் எண்ணம்.

வீட்டிலேயே பாருங்கள். தையல் நூலின் ஒரு முனையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், மறுமுனையில் ஒரு ஊக்கு. ஸ்டீல் ஸ்ட்ராவில் எத்தனை சுற்று சுற்றினால் ஊக்கு பாட்டிலைத் தாங்குகிறது என்று எண்ணுங்கள். அப்புறம் அதே நூலை டவல் மாட்டும் ஸ்டீல் குழாயில் சுற்றி, மறுபடியும் எண்ணுங்கள்.