குழாய் மாற்றிய வேலையில் தகராறு: நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

துருப்பிடித்த பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை எடுத்துவிட்டு சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாய் போட்டாயிற்று. டைல்ஸ் ஒட்டி, பெயின்ட்டும் அடித்த பிறகு சுவரில் ஈரம் ஊறுகிறது. பிளம்பர் "பைப் சரியில்லை" என்கிறார். ஹார்டுவேர் கடைக்காரர் "ஜாயின்ட் சரியாகப் போடலை" என்கிறார். கையில் ஒப்பந்தம் எதுவும் இல்லையே என்று பலர் இந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. காசு கொடுத்துப் பெற்ற வேலையில் குறை இருந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். வாய்ப்பேச்சில் பேசிய வேலைக்கும் இது பொருந்தும். பணம் கொடுத்ததைக் காட்ட ஜிபே பதிவு போதும்.

"பாக்கிப் பணம் தரலை, அதனால நீங்க கேஸ் போட முடியாது" என்று பிளம்பர் தரப்பில் சொல்வார்கள். தவறு. ஒரு பகுதி கொடுத்து, மீதியைத் தருவதாகச் சொல்லியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான். லாட்ஜுக்கோ ஓட்டலுக்கோ போட்ட குழாய் என்றால் வணிக நோக்கம் என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். குடியிருக்கும் வீட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

வழக்கு பெரும்பாலும் தோற்பது சுவரை உடைக்கும் நாளில். தண்ணீர் ஒழுகும் அவசரத்தில் வேறொரு பிளம்பரைக் கூப்பிட்டு, உடைத்து, சரிசெய்து, பழைய துண்டுகளைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு யார் மீது குறை என்று ஆணையத்தில் காட்ட ஒன்றுமே மிஞ்சாது. மெயின் வால்வை அடைத்துவிட்டு முதல் பிளம்பருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: இன்ன தேதி, இன்ன மணிக்குச் சுவரை உடைக்கப்போகிறோம், நேரில் வந்து பாருங்கள். இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். வராவிட்டால் அந்தச் செய்தியே உங்களுக்குச் சான்று. உடைப்பதை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். ஒழுகிய ஜாயின்ட்டை இரு பக்கமும் அரை அடி குழாயோடு வெட்டி எடுத்து, தேதி எழுதிப் பையில் போட்டு வையுங்கள். குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் வரியில் கம்பெனி பெயர், ஐஎஸ் எண் (இந்தியத் தர நிர்ணய எண்), அளவு எல்லாம் இருக்கும். அது தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். பிறகு ஒரு சிவில் இன்ஜினியரிடம் கையெழுத்திட்ட அறிக்கை வாங்குங்கள். இரண்டாவது பிளம்பரின் வாய்வார்த்தைக்கு அங்கே மதிப்பில்லை.

வெட்டிய துண்டைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஜாயின்ட் வழுவழுப்பாகக் கழன்று வந்தால் சால்வென்ட் சிமென்ட் (குழாய் ஒட்டும் பசை) சரியாகத் தடவவில்லை, அல்லது காயும் முன் தண்ணீர் விட்டுவிட்டார்கள். ஃபிட்டிங்குக்குள் குழாய் பாதிதான் இறங்கியிருந்தால் அதுவும் வேலைக் குறை. கீசர் லைனில் வெள்ளை யுபிவிசி பிளாஸ்டிக் குழாய் இருந்தால் நேராகப் பிளம்பரைக் கேளுங்கள். அது 45 டிகிரி வரையான தண்ணீருக்குத்தான்; வெந்நீருக்கு ஐஎஸ் 15778 அச்சிட்ட சிபிவிசி போட வேண்டும். இரண்டு ஜாயின்ட்டுக்கும் நடுவே நீளவாக்கில் விரிசல் என்றால் குழாயின் தரத்தைச் சந்தேகிக்கலாம். அப்போது கடைக்காரரையும் தயாரித்த கம்பெனியையும் எதிர்தரப்பில் சேர்க்க வேண்டும். நடுவில் சின்ன வட்ட ஓட்டை இருந்தால் ஆணியோ டிரில்லோ பட்டிருக்கிறது. அதற்குப் பிளம்பர் மீது வழக்குப் போடுவது அநியாயம், தோற்கவும் செய்யும்.

சுவரை மூடும் முன் பம்பு வைத்து பிரஷர் டெஸ்ட் செய்தாரா என்பதை மனுவில் கட்டாயம் எழுதுங்கள். மாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் குழாயில் கிடைப்பது சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம்தான்; பம்பு வைத்து அதைவிட அதிக அழுத்தம் கொடுத்து ஒழுகுகிறதா என்று பார்ப்பதுதான் டெஸ்ட். குழாயைத் திறந்து பார்த்து "தண்ணி வருது" என்று சொல்வது டெஸ்ட் ஆகாது.

அடுத்த பொறி முகவரி. பலரிடம் பிளம்பரின் செல்போன் எண் மட்டும்தான் இருக்கும், அதுவும் "பிளம்பர் அண்ணா" என்று பதிந்திருக்கும். முகவரி இல்லாமல் நோட்டீஸ் போகாது, நோட்டீஸ் போகாமல் வழக்கு நகராது, வாய்தாவுக்கு மேல் வாய்தாதான். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எஸ்டிமேட் தாளில் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண்ணோடு முகவரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆப் வழியாக ஆள் வந்திருந்தால் அந்த நிறுவனத்தையும் எதிர்தரப்பில் சேருங்கள்.

இனி அலைச்சல். போலீஸ் ஸ்டேஷனில் "சிவில் மேட்டர்" என்பார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால் அது நாலு மேசை சுற்றி "நுகர்வோர் ஆணையத்தை அணுகவும்" என்று திரும்பி வரும். குடிநீர் வாரியம் வீட்டுக்குள் இருக்கும் குழாய்க்குப் பொறுப்பேற்காது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் பெரிய கம்பெனிகளிடம் வேலை செய்யும், தனி ஆளாக வேலை பார்க்கும் பிளம்பரிடம் அதற்குப் பிடி கிடையாது. அது சமரசம் பேசும், உத்தரவு போடாது. இந்த இடங்களில் மனு கொடுத்து வைத்திருப்பதால் வழக்குப் போடும் கெடு நின்றுவிடாது. கெடு 2 ஆண்டு. வேலை முடிந்த தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. "அடுத்த வாரம் வரேன் சார்" என்ற வாக்குறுதியை நம்பி உட்கார்ந்திருந்தவர்கள்தான் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

வழக்கை நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பிளம்பர் ஊருக்குப் போகத் தேவையில்லை. கட்டணத்துக்குப் பயந்து நஷ்டஈட்டைக் குறைத்துக் கேட்கிறார்கள். அது வீண் பயம். நீங்கள் கொடுத்த கூலியையும் பொருள் விலையையும் வைத்துத்தான் கட்டணம், கேட்கும் நஷ்டஈட்டை வைத்தல்ல. கொடுத்தது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. டைல்ஸ், கொத்தனார் கூலி, பெயின்ட், கெட்டுப்போன மர அலமாரி என்று ஒவ்வொன்றையும் தனித்தனித் தொகையாகப் பில்லோடு கேளுங்கள். "மன உளைச்சலுக்கு 10 லட்சம்" என்று ஒரே வரியில் கேட்டால் எடுபடாது.

வழக்கறிஞர் கட்டாயமில்லை. கவுன்டரில் "வக்கீலைப் பிடிச்சு வாங்க" என்று சொன்னால், என்ன குறை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பக்க எண் இல்லை, நகல் போதவில்லை, பிரமாண வாக்குமூலம் இல்லை என்றுதான் பெரும்பாலும் திருப்புகிறார்கள். மனுவுக்கு ஒரு வாக்குமூலம், தேதிவாரியாக ஆவணப் பட்டியல், எதிர்தரப்பு ஒவ்வொருவருக்கும் ஒரு செட் நகல், எல்லாப் பக்கத்துக்கும் எண் என்று கொண்டுபோனால் ஒரு நடை மிச்சம். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். அப்படிச் செய்தாலும் காகித செட் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். உங்கள் தரப்பைக் கேட்காமல் மனுவைத் தள்ள ஆணையத்துக்கு அதிகாரமில்லை. ஏற்பதா இல்லையா என்பதை 21 நாளில் முடிவு செய்யாவிட்டால் ஏற்றதாகவே பொருள். எதிர்தரப்புக்குப் பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள், அவ்வளவுதான். 46ஆம் நாள் பதில் மனுவோடு வந்தால் ஏற்கக் கூடாது என்று எழுத்தில் ஆட்சேபியுங்கள். உச்ச நீதிமன்றமே 2020இல் அப்படிச் சொல்லிவிட்டது. தீர்ப்பு 3 மாதத்தில் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் அதை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள்.

வேலையை முடித்துக் கொடுத்தும் கூலி கிடைக்காத பிளம்பர்களும் ஏமாற்றப்படுகிறார்கள். அவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. சிவில் நீதிமன்றத்தில் 3 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். அதற்கு முன், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பேசிப் பார்ப்பது நல்லது, கட்டணம் கிடையாது. அங்கே எழுதிக் கையெழுத்தாகும் சமரசத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு. வீட்டுக்காரர்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. சின்னத் தொகைக்கு இதுவே மேல்.

ஆணையம் உங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்ன நாளில் பணம் வந்துவிடாது. மேல்முறையீட்டுக்கு 45 நாள் உண்டு. பிளம்பர் மேல்முறையீடு செய்தால் தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். செய்யாமலும் கொடுக்காமலும் இருந்தால் நீங்கள்தான் நிறைவேற்று மனு (தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கேட்கும் மனு) போட வேண்டும். ஆணையம் தானாகக் கேட்காது. உத்தரவை மதிக்காதவருக்கு 1 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தீர்ப்பு வந்த வாரமே சான்றிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நிறைவேற்று மனுவில் முதலில் கேட்பது அதைத்தான்.